நான்காவது கேள்வி என்னுடையது

நஸ்ரீன் தன் கட்டுரையை ஏற்கெனவே கொடுத்துவிட்டாள் என்று என்னிடம் கட்டுரை கேட்டு வந்த பிள்ளைகள் சொல்லாமல் இருந்திருந்தால், இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன். கண்டியில் சொத்துப் பத்திரம் எழுதும் நொத்தாரிசுகளிடம் வேலை செய்யும் கிளாக்கர்மார் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். வயதானவர்கள் வீடு வாசலை எழுதி வைப்பது, நோய்ப் படுக்கையில் கையெழுத்து வாங்குவது, இவற்றைப் பற்றி அனுபவப்பட்டவர்கள் எழுத வேண்டுமாம். "நஸ்ரீன் மேடம் ஆறு பக்கம் தந்திருக்காங்க. நீங்க ரெண்டு பக்கம் தந்தாப் போதும் சேர்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். எனக்குத்தான் அந்த இரண்டு பக்கம் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது.

அவர்கள் போன பிறகு என் மனைவி பங்கஜம் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டே, "எழுதித்தான் குடுங்களேன். இல்லாட்டி அந்தப் பொம்பள என்ன எழுதிருக்கோன்னு நெனச்சு நெனச்சே ஒங்களுக்குச் சீனி ஏறிரும்" என்றாள். சீனி வருத்தக்காரன் பொறாமைப்படக் கூடாது என்று எந்த டாக்டரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. என்னை அரித்தது பக்கக் கணக்கு மட்டுமல்ல. அந்த ஆறு பக்கத்துக்குள் அம்பிட்டிய வீட்டுக் கதையை அவள் எழுதியிருப்பாளோ, எழுதியிருந்தால் யாருடைய கதையாக எழுதியிருப்பாள் என்பதுதான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நஸ்ரீன் இன்று சட்டத்தரணி, நொத்தாரிசு. 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். நான் 'அவள்' என்றுதான் எழுதுவேன். பக்கத்து மேசையில் இருந்து என் பேனாவை இரவல் வாங்கியவளுக்கு என் கை இதற்கு மேல் வளையாது. மலர்க்காரர்கள் வேண்டுமானால் திருத்திக்கொள்ளட்டும்.

நான் பாலகிருஷ்ணன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில் பிறந்தவன். டவுனில் தமிழ், சிங்களம் இரண்டிலும் தட்டச்சுப் பழகி, மலையிலிருந்து இறங்கி, நொத்தாரிசு குலசிங்கம் சேரின் அலுவலகத்தில் கிளாக்கராகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்களில் சொல்ல ஒன்றுமில்லை. காணிப் பதிவகத்தில் வரிசையில் நின்றேன். சொத்துப் பத்திரங்களான உறுதிகளைப் பிரதி எடுத்தேன். வடக்கே ஓடை, கிழக்கே இன்னாருடைய தோட்டம் என்று எல்லைகளை உரக்க வாசித்துச் சரிபார்த்தேன். எழுத்துப் பிழை விட்டால் சேர் திட்டமாட்டார். அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சேர் யாழ்ப்பாணத்துக்காரர். படிக்க வந்தவர் கண்டியிலேயே தங்கிவிட்டார். எத்தனை வருடம் மலைநாட்டில் இருந்தும் அவர் பேச்சு மாறவில்லை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் நோயாளிகளும் முதியவர்களும். அவர்களுடைய வீடுகளுக்குப் போவதென்றால் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வீட்டாரிடம் முதலில் நாள் கேட்க மாட்டார், மருந்தைக் கேட்பார். என்ன குளிசை, எத்தனை மணிக்கு, குடித்தால் நித்திரை வருமா என்று. நித்திரைக் குளிசைக்காரர் என்றால் காலைத் தேத்தண்ணி குடித்துத் தெளிந்த பிறகுதான் போவோம். சீனிக்காரர் என்றால் சாப்பிட்ட பிறகு. ஆஸ்பத்திரிக் கட்டில் என்றால், நோயாளி சுயநினைவோடு இருக்கிறார் என்று வாட்டு டாக்டர் எழுதித் தரும்வரை சேர் பையைத் திறக்கவே மாட்டார்.

வீட்டுக்குள் போனதும் கை கழுவுவார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். படுத்திருப்பவருக்கு மூக்குக்கண்ணாடி போட்டுவிடச் சொல்வார், காது மெஷின் இருந்தால் அதையும். பிறகு, "வீட்டுக்காரர் எல்லாரும் கொஞ்ச நேரம் விறாந்தையில இருங்கோ" என்பார். சொத்தைப் பெறப்போகிற பிள்ளை அறை வாசலில்கூட நிற்கக் கூடாது. ஒரு மருமகள் கதவிடுக்கில் நின்றாள் என்பதற்காக எழுந்து பையை மூடிக்கொண்டு வந்தவர் அவர். கதவு சாத்திய பிறகு கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு கதிரையில் அவர் உட்காருவார். அந்தப் பக்கத்தில் இன்னொரு கதிரை. படுத்திருப்பவரின் தலையைத் தூக்கிப் பிடிக்க, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க, ஒரு கிளாக்கர் அதில் இருக்க வேண்டும். அந்தக் கதிரை என்னுடையது.

உறுதியைப் பற்றிப் பேசுமுன் சேர் மூன்று கேள்விகள் கேட்பார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், யார் சமைத்தது? பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லுங்கள், தவறிப்போனவர்கள் பெயரும் சேர்த்து. நாளைக்கு உங்களுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? முதல் கேள்வியில் நினைவு தெரியும், இரண்டாவதில் கணக்கு தெரியும், மூன்றாவதில் வீடு தெரியும் என்பார் சேர். அதற்குப் பிறகுதான் உறுதியை வரி வரியாக வாசிப்பார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, "இப்ப நான் என்ன வாசிச்சனான்? உங்கட வாயால சொல்லுங்கோ" என்பார். வெறும் தலையாட்டலை அவர் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை.

அப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் நஸ்ரீன் வந்து சேர்ந்தாள். மடவளைப் பக்கத்துப் பெண், 'சொல்' என்பதை 'செல்' என்று பேசுகிறவள். வேகமாகத் தட்டச்சு செய்வாள், அதை நான் மறுக்கவில்லை. அவளுடைய வாப்பா பாரிசவாதத்தில் பல வருடம் படுக்கையில் கிடந்தவர். குழறிப் பேசுகிறவர்கள் சொல்வது அவளுக்கு வீட்டுப் பாஷை மாதிரி. கட்டுகஸ்தோட்டையில் ஒரு பெரியவர் வாய் கோணி ஏதோ சொல்லச் சொல்ல, நான் குனிந்து குனிந்து கேட்டேன். எனக்கு ஓசைதான் கேட்டது. சாட்சிக் கையெழுத்துக்கு வந்து கதவோரம் நின்ற நஸ்ரீன், "தங்கச்சிக்கு ஒரு அறை ஒதுக்கணும்னு செல்றாங்க சேர்" என்றாள். அந்தப் பெரியவர் அவளைப் பார்த்து அழுதார். சேர் என்னைப் பார்த்தார்.

அடுத்த வீட்டுக்குப் போனபோது, "பாலா, நீர் விறாந்தையில வீட்டாரைப் பாத்துக்கொள்ளும். கையெழுத்துக்குக் கூப்பிடுறன்" என்றார். அவ்வளவுதான். கதிரை போய்விட்டது. அன்றிலிருந்து மற்றவர்களின் வீட்டு விறாந்தைகளில் குந்தி, மகன்மாரோடும் மருமகள்மாரோடும் மழையைப் பற்றியும் மரக்கறி விலையைப் பற்றியும் பேசுவது என் உத்தியோகமாயிற்று. உள்ளே அவள் தணிந்த குரலில் பேசுவது கேட்கும். எனக்கு வயிறு எரியும். வெட்கப்படாமல் சொல்கிறேன், நன்றாக எரியும்.

ஆனால் அந்த எரிச்சல் எனக்கு ஒரு கண்ணைத் திறந்துவிட்டது. வாசனைச் சாமான் கடைக்காரனுக்குப் பட்டை எங்கே இருக்கிறது என்று மூக்கே காட்டிக்கொடுக்கும். அதுபோல எனக்கு அடுத்தவர் பொறாமை உடனே தெரிந்துவிடும். அன்பினால்தான் எழுதி வைக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். விறாந்தையில் இருந்து பார்த்தவன் நான். உறுதிகளில் ஒரு பாதியைப் பொறாமை சொல்லச் சொல்லத்தான் நாங்கள் எழுதுகிறோம். அக்காவுக்கு விழுந்த பங்கு, அண்ணன் வீட்டு மேல்மாடி, பக்கத்து வீட்டுக் கிழவருக்குக் கிடைக்கும் கவனிப்பு, இவைதான் கட்டிலில் கிடப்பவரின் கையைப் பிடித்து எழுத வைப்பவை.

அம்பிட்டிய வீட்டுக்கு நாங்கள் போனது இந்த நிலையில்தான். டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த இராமசாமி ஐயாவின் வீடு அது. சரிவில் கட்டிய வீடு. அவருக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. மனைவி முன்பே போய்விட்டாள். ஒரே மகன் சுரேந்திரனும் மருமகளும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். வீட்டை மகன் பெயருக்கு நன்கொடையாக எழுத வேண்டும். மகன் அதை வங்கியில் வைத்துக் கடையைப் பெரிதாக்க வேண்டும். கெட்ட பிள்ளை இல்லை. கடை கடை என்று ஓடுகிற பிள்ளை.

இப்படி எழுதும்போது சீவிய உரித்து என்று ஒன்றைச் சேர்ப்பது எங்கள் வழக்கம். வீடு பிள்ளைக்குத்தான், ஆனால் பெற்றவர் உயிரோடு இருக்கும்வரை அங்கே வாழும் உரிமை அவருக்கே, யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது என்பது அதன் பொருள். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்பதைச் சட்டத்தில் எழுதினால் அதுதான். வங்கிக்கு அது பிடிக்காது. சேர் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டிருந்தார். இராமசாமி ஐயா, "அதெல்லாம் வேணாங்க. மொத்தமா எழுதிருங்க" என்று எப்படியோ குழறிச் சொல்லிவிட்டாராம். அப்படியே நஸ்ரீன் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தாள்.

வழக்கம்போல அவள் உள்ளே, நான் விறாந்தையில். சுரேந்திரன் ஒரு மூலையில் கடைக்குப் போன் பேசிக்கொண்டிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரத்நாயக்க மாத்தயா வந்தார். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், இராமசாமி ஐயாவின் நெடுநாள் சினேகிதர். அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. அவர் வீட்டு முற்றத்தில் மூன்று வாகனங்கள் நின்றன. மகன்மார் மூவரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஒருவன் அப்பாவின் தலைக்கு எண்ணெய் தேய்த்து அப்போதுதான் முடித்திருக்கிறான். கிழவரின் நெற்றி பளபளத்தது.

"மூணு பேரும் தவறாம வருவாங்க" என்றார் சிங்களத்தில். "வராம இருக்க முடியுமா? காணிய மூணு பேருக்கும் எழுதிக் குடுத்துட்டேன். பெரியவன் ஒரு சித்திரை வருசத்துக்கு வரல. உறுதிய ரத்துப் பண்ணிட்டேன். அடுத்த வாரமே வந்து காலடியில நின்னான். திருப்பி எழுதினேன். இராமசாமிக்கும் நான்தான் இந்தப் புத்தி சொன்னேன். பயப்படாம குடு, கவனிக்காட்டி திருப்பி எடுத்துக்க. கண்டியில இதுதானே சட்டம்."

எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, சந்தோஷம். அதை மறைத்து என்ன பிரயோசனம்? உள்ளே கதிரையில் ராணி மாதிரி இருக்கிறவளுக்கு இது தெரியாது. அவள் தட்டச்சு செய்த உறுதிதான் உள்ளே இருக்கிறது. ரத்நாயக்க மாத்தயா சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தச் சட்டம் கண்டியச் சிங்களவருக்கு உரியது. அவர்கள் கொடுத்த நன்கொடையைப் பெரும்பாலும் நினைத்தபோது திரும்ப எடுக்கலாம். கண்டியில் குடியிருக்கிறோம் என்பதற்காக எங்களுக்கு அது வராது. நாங்கள் கொடுத்தால் கொடுத்ததுதான். மீட்க வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போய், பெற்ற பிள்ளை நன்றிகெட்டவன் என்று நீதிபதிக்கு முன்னால் நிரூபிக்க வேண்டும். ஒரு கால் இழுத்துப்போனவர் எந்தப் படியேறி அதைச் செய்வார்? புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொள்ளத்தான் போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"பாலா, வாரும். கையெழுத்து" என்று சேர் கூப்பிட்டார்.

உள்ளே மூன்று பிரதிகளையும் ஒரு பலகையில் விரித்து வைத்திருந்தார்கள். மைப்பெட்டி திறந்திருந்தது. இராமசாமி ஐயாவின் இடது பெருவிரலில் மை பூசியாகிவிட்டது. நஸ்ரீன் அந்தக் கையைத் தன் கையில் தாங்கி, மறு கையில் பஞ்சு வைத்திருந்தாள். சாட்சியாக வருகிறவன் வாய் திறக்கக் கூடாது என்பது சேரின் சட்டம். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டேன். "ஐயா, யாரப் பாத்துங்க ஒங்களுக்கு இந்த எண்ணம் வந்துச்சு?"

சேர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். இராமசாமி ஐயாவின் கண்கள் கட்டிலோரத்து ஜன்னலுக்குப் போயின. அந்த ஜன்னலில் பக்கத்து வீட்டு முற்றம் முழுதும் தெரிந்தது. குழறிக் குழறி அவர் சொன்னதை நஸ்ரீன் துண்டு துண்டாக எடுத்துச் சொன்னாள். "அவரப் பாத்துத்தான். போயாவுக்குப் போயா மூணு பயலுகளும் வாறானுக. எண்ண தேய்க்கிறானுக. எம் மவன் இதே வீட்ல இருக்கான். இந்தக் கதவத் தாண்டி வர மாட்டான். எழுதிக் குடுத்துட்டா எம் மேல ஒரு பயம் இருக்கும். வரலன்னா திருப்பி எடுத்துக்குவேன்."

சேர் மைப்பெட்டியை மூடினார். "இராமசாமி, உங்களால திருப்பி எடுக்கேலாது" என்றார். அவர் நம்பவில்லை. கண்டியில்தானே இருக்கிறோம் என்றார். கண்டியில் இருப்பது வேறு, கண்டியச் சட்டம் வேறு என்று சேர் இரண்டு மூன்று விதமாக விளக்கினார். கடைசியில் புரிந்தபோது அந்த மனுசர் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்ப அவன் எனக்குப் பயப்பட மாட்டானா?" என்று மட்டும் கேட்டார்.

நஸ்ரீன் பெருவிரல் மையைப் பஞ்சால் மெதுவாகத் துடைத்தாள். பிறகு எழுந்து, சேரிடம் கண்ணாலேயே உத்தரவு வாங்கிக்கொண்டு, அலுமாரி மேல் இருந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனாள். சுரேந்திரனின் காதிலிருந்த போன் இறங்கும்வரை அவன் முன்னால் பேசாமல் நின்றாள். "தம்பி, அப்பாக்கு எண்ண தேச்சு உடணுமாம். உங்க கையால" என்று போத்தலைக் கொடுத்தாள். அவன் விழித்தான். பிறகு வந்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நின்ற மகனைப் பார்த்து, இராமசாமி ஐயா ஒரு பக்க உதட்டால் சிரித்தார்.

பிறகு உறுதி சீவிய உரித்தோடு திருத்தி எழுதப்பட்டது. வங்கி முகம் சுளித்தது. கடை பெரிதாகவில்லை. இராமசாமி ஐயா அந்த வீட்டிலேயே, அந்த ஜன்னலோரத்திலேயே கடைசிவரை இருந்தார். நல்லது. ஆனால் கையெழுத்து முடிந்து நாங்கள் கிளம்பியபோது அவர் கும்பிட்டது யாரை? அவளை. ஓட்டையைக் கண்டுபிடித்தவன் நான், கும்பிடு அடைத்தவளுக்கு.

அதோடு விட்டதா? திரும்பும் வழியில் காரில் சேர் சொன்னார். "பாலா கேட்டது நல்ல கேள்வி. நஸ்ரீன், இனி அதையும் சேர்த்து நீர் எல்லாரிட்டையும் கேளும்." முன் கதிரையில் இருந்த நான் திரும்பி, "நானே கேக்கிறேனே சேர்" என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நீர் கேட்டால் கோர்ட்டில குறுக்கு விசாரணை மாதிரி இருக்கு" என்றார். அன்றிலிருந்து என் கேள்வி அவள் வாயில். மூன்று கேள்வி நான்கு கேள்வியாயிற்று. கண்டி முழுதும் அதை நஸ்ரீனின் கேள்வி என்றார்கள்.

மிச்சத்தைச் சுருக்கிச் சொல்கிறேன், நீட்டினால் எனக்குத்தான் நோவு. அவள் வேலை செய்துகொண்டே சட்டம் படித்தாள். சட்டத்தரணியானாள், நொத்தாரிசானாள். சேர் முடியாமல் போய் ஓய்ந்தபோது அலுவலகம் அவள் கைக்குப் போயிற்று. வாசலில் அவள் பெயர்ப் பலகை ஏறியது. "பாலா அண்ணன், நீங்க போயிராதீங்க" என்றாள். போகவில்லை. பென்ஷன் இல்லாத உத்தியோகத்தில் ரோசத்தைப் பார்க்க முடியுமா? அவளுக்குக் கீழேயே இருந்து, பிறகு ஓய்வு பெற்றேன்.

மலர்க்காரப் பிள்ளைகள் வந்து போன மறு வாரம் நான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். போனதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, அம்பிட்டியக் கதையை அவள் எழுதிவிட்டாளா என்று அறிய வேண்டும். இரண்டாவது, என் வீட்டை என் மகன் பிரகாஷுக்கு எழுத வேண்டும்.

ஹந்தானை ரோட்டில் சின்ன வீடு, நானும் பங்கஜமும் கட்டியது. பிரகாஷுக்குப் பல்லேகல தொழிற்பேட்டையில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் வீட்டோடு குண்டசாலையில் இருக்கிறான். எனக்குச் சீனியால் கால் பெருவிரலில் ஆறாத புண். மாதம் ஒருமுறை பஸ்ஸில் கிளினிக்குக்குப் போய் வருகிறேன். சம்பந்திக்கும் நெஞ்சு வருத்தம், அவருக்கும் அதே ஆஸ்பத்திரி. ஒரு நாள் நான் மருந்து வரிசையில் நின்றபோது, பிரகாஷ் அவரைத் தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு போவதைக் கண்டேன். அவன் என்னைக் காணவில்லை. நான் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து பங்கஜத்திடமும் சொல்லவில்லை. வீட்டை அவனுக்கு மொத்தமாக எழுதிவிடுவது, சீவிய உரித்து கீவிய உரித்து ஒன்றும் வேண்டாம், பிறகு பார்ப்போம் எந்தத் தோள் யாருக்கு என்று முடிவெடுத்தேன். பெற்ற பிள்ளைக்குக் கொடுப்பதில் கணக்கென்ன என்று எனக்கு நானே சொல்லியும்கொண்டேன்.

உறுதி எழுதப் போகிறேன் என்றதும் பிரகாஷ் லீவு போட்டுக்கொண்டு வந்தான். சம்பந்திக்குப் போடுகிற அதே லீவு. பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்து வந்தான். பாதி வெற்றி அங்கேயே கிடைத்துவிட்டது மாதிரி இருந்தது எனக்கு.

நஸ்ரீன் எழுந்து நின்று வரவேற்றாள். விஷயத்தைச் சொன்னதும், "தம்பி, நீங்க கொஞ்சம் வெளிய ஈங்க" என்று பிரகாஷை அனுப்பினாள். கதவைச் சாத்தினாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தாள். சேரின் பழக்கம். அதையும் எடுத்துக்கொண்டாளா என்று எனக்குப் பட்டது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க அண்ணன்?"

"எனக்கேவா?"

"எல்லாருக்கும்தான்."

பாணும் சம்பலும், பங்கஜம் செய்தது என்றேன். பிள்ளைகளின் பெயரைக் கேட்டாள். பிரகாஷ் என்றேன். அவள் காத்திருந்தாள். பிறந்து தங்காமல் போன ஒரு பெண் பிள்ளை உண்டு, பெயர் வைக்குமுன் போய்விட்டது என்றேன். அதை இத்தனை வருடத்தில் யாருக்கும் சொன்னதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்றாள். பங்கஜத்தை என்றேன். "அண்ணிக்குத் தண்ணி வேணும்டா யாரக் கூப்பிடுவாங்க?" என்றாள். இந்தக் கேள்வி சேரிடம் இல்லாதது. நான் மேசையைப் பார்த்தேன்.

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பதிலும் தயாராக வைத்திருந்தேன். யாரையும் பார்க்கவில்லை, என் பிள்ளைக்கு என் மனசாரக் கொடுக்கிறேன் என்று.

"பாலா அண்ணன்" என்றாள். "யாரப் பாத்து இந்த எண்ணம் வந்துச்சு?"

கேட்டுவிட்டுப் பேனாவை எடுக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. புண்ணுக்காக முன்பக்கம் வெட்டிவிட்ட என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல், அந்த நாள் முழுதும் எனக்கென்றே ஒதுக்கி வைத்தவள் மாதிரி இருந்தாள். நான் அம்பிட்டியவில் கால்மாட்டில் நின்று கேட்டது நினைவுக்கு வந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்று ஆகிவிட்டதே என்று பட்டது. தயாராக வைத்திருந்த பதில் வாயில் வரவில்லை.

"சம்பந்தியப் பாத்து" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "சீவிய உரித்து உங்களுக்கும் அண்ணிக்கும் சேத்து எழுதறேன்" என்று மட்டும் சொல்லி எழுதத் தொடங்கினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிரகாஷை உள்ளே கூப்பிட்டபோது, "அப்பாட கிளினிக் என்டைக்கின்னு கேட்டு வெச்சிக்கோங்க தம்பி" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். "கூட வாறேன்னு எத்தன தடவ கேட்டிருக்கேன் மேடம். எனக்கென்ன காலா இல்ல, பஸ்ஸா இல்லன்னு சொல்லுவாரு" என்றான். அது உண்மைதான். சொல்லியிருக்கிறேன். அவனுடைய மாமனார், அவன் கேட்டதும் தோளில் சாய்ந்துவிடுவார். எனக்குச் சாயத் தெரியாது. அதற்காகவும் அவர்மேல் ஒரு எரிச்சல் வந்தது.

எழும்புமுன் நான் கேட்டே விட்டேன். "மலருக்கு என்ன எழுதியிருக்கீங்க? அம்பிட்டிய வீட்டப் பத்தி வருதா?"

"இல்ல அண்ணன்" என்றாள். "அந்தக் கேள்வி நீங்க கேட்டது. அது உங்கட கதை. நீங்கதான் எழுதணும்னு செல்லி, அந்தப் பிள்ளைகள உங்கள்ட அனுப்பினதே நான்தான்."

திரும்பும்போது பஸ்ஸில் இடமில்லை. பிரகாஷ் ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டான். வளைவுகளில் நான் சற்றுச் சாய்ந்தேன். அடுத்த கிளினிக்குக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். வீட்டில் பங்கஜம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். உனக்கும் சேர்த்துத்தான் எழுதினேன் என்றேன், என் யோசனை மாதிரி.

ஆக, கேட்டது இரண்டு பக்கம், எழுதியது அதைவிடக் கூட. மலர்க்காரர்கள் எதை வேண்டுமானாலும் வெட்டட்டும், தலைப்பை மட்டும் வெட்டக் கூடாது. நான்காவது கேள்வி என்னுடையது. அதற்கு நஸ்ரீனே சாட்சி. ஆனால் அவள் முன்னால் உட்கார்ந்து அதே கேள்விக்குப் பதில் சொன்னவன் என்ற முறையில் இதையும் சொல்லத்தான் வேண்டும். என்னைவிட அவள் அதை நன்றாகக் கேட்கிறாள். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.